சோலைக்காட்டில் கூட்டமாக நடக்கும்போது கடைசி ஆள்தான் முக்கியம்

நீலகிரியிலும் கொடைக்கானல் இருக்கும் பழனிமலைத் தொடரிலும் வழிகாட்டியோடு போகும் நடைப்பயணங்களில் கால் பிசகுவது, ஆள் தவறுவது, மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவது எல்லாம் பெரும்பாலும் வரிசையின் பின்பாதியில்தான் நடக்கும். முன்னால் போகிற வழிகாட்டிக்கு வழி தெரியும், காற்றின் திசை தெரியும், நேற்று எந்தப் பக்கம் யானை இறங்கியது என்றுகூடத் தெரியும். பத்தாவதாக வருகிறவருக்கோ முன்னே போகிறவரின் முதுகுப்பை மட்டும்தான் தெரிகிறது. கூட்டமாகக் காட்டுக்குள் போகும்போது எதைச் செய்தாலும், அது அந்தப் பத்தாவது ஆளுக்கு ஏற்றதாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல காலணியும் நல்ல உடம்பும் அதற்கு அடுத்தபடிதான்.

இங்கே பேசுவது சோலைக்காடுகளைப் பற்றி. மலையில் சுமார் 1,500 மீட்டருக்கு மேல், புல்வெளிகளுக்கு நடுவே, பள்ளங்களிலும் ஓடைகளை ஒட்டியும் அடர்ந்து நிற்கும் பசுமைமாறாக் காடு. மரங்கள் அதிக உயரம் போவதில்லை. பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டர்தான். ஆனால் வயது அதிகம். காற்றுக்கு முறுக்கேறிய தண்டு, கிளையெங்கும் பாசியும் ஆர்க்கிடும், கீழே பல ஆண்டுகளாக மக்கிக் கிடக்கும் சருகு. விழுந்த மரத்தை யாரும் எடுத்துப் போகாததால், அதன் மேலேயே கன்றுகள் முளைத்து நிற்கும். ஒரு காடு வெட்டப்படாமல் நெடுங்காலமாக நின்றிருக்கிறது என்பதற்கு மரத்தின் பருமனைவிட அப்படிக் கிடக்கும் கட்டைகளே நல்ல சாட்சி. சீகை மரமும் தைலமரமும் பைன் மரமும் வரிசையாக நிற்கும் இடத்திலிருந்து சோலைக்குள் கால் வைத்ததும் வேறுபாடு உடனே தெரியும். வெளிச்சம் குறையும், தரை மெத்தென்று அமுங்கும், பத்து மீட்டருக்கு அப்பால் ஆள் தெரியாது.

புதிதாக வருகிறவர்களுக்குக் கோத்தகிரியின் லாங்வுட் சோலை நல்ல தொடக்கம். 116 ஹெக்டேர்தான், ஊரை ஒட்டியே இருக்கிறது. கீழே உள்ள கிராமங்களுக்கு இதன் ஓடைகளிலிருந்துதான் தண்ணீர் போகிறது. 2024-இல் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. சிறிய காடு என்பதால் எளிதாக நினைத்துவிடக் கூடாது. காட்டுமாடு உள்ள காடு அது. பனிமூட்டம் இறங்கினால் பாதை பிரியும் இடங்கள் ஒன்றுபோலவே தெரியும். கொடைக்கானல் பக்கத்தில் ஒரு சோலைக்கு மதிகெட்டான் சோலை என்றே பெயர் இருக்கிறது. உள்ளே போனவர் திசை தடுமாறுவது அங்கே பழைய செய்தி.

முதலில் அனுமதி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி நடைப்பயணம் வந்தவர்கள் 23 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் நடப்பது குற்றம். 2024 அக்டோபரில் தொடங்கிய அரசின் திட்டத்தில் நாற்பது வழித்தடங்களுக்கு இணையத்திலேயே முன்பதிவு செய்யலாம். எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்களும் உள்ளூர்க்காரர்களும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகிறார்கள். வழக்கமாக பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீ அபாயத்துக்காகப் பாதைகளை மூடிவிடுவார்கள். அந்த நாட்களில் "எனக்குத் தெரிந்த ஆள் கூட்டிப் போவார்" என்று யார் சொன்னாலும் போகாதீர்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் வாகனத்துக்கு இ-பாஸ் தேவை; அதை எடுக்காமல் சோதனைச்சாவடியில் காலையில் ஒரு மணி நேரத்தை இழக்கிற குழுக்கள் உண்டு. மலையில் காலை ஒரு மணி நேரம் பெரிய இழப்பு.

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் ஒரு விதி சொன்னார்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். எட்டுக் கிலோமீட்டர் தூரம், 450 மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டு மணி இருபது நிமிடம் வருகிறது. இது பழகிய ஆள் தனியாக, நல்ல பாதையில், நிற்காமல் நடப்பதற்கான கணக்கு. பன்னிரண்டு பேர் சோலைக்குள் போனால் இதை இரண்டால் பெருக்குங்கள். சாப்பாட்டுக்கு அரை மணி சேருங்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலை ஏழரைக்குக் கிளம்பினால் பகல் ஒரு மணி. ஒருவருக்குக் கால் சுளுக்கினால் மாலை மூன்று, நான்கு. பகல் உச்சிக்குப் பிறகுதான் மூட்டம் ஏறும். சோலைக்குள் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இருட்டிவிடும். ஒன்பதரைக்குக் கிளம்பும் குழுவுக்கு இந்த இடைவெளி அறவே கிடையாது.

வரிசை

பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் ஒரே வரிசையில் போகக் கூடாது. அதிகம் இருந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து, தலா இரண்டு பேர் பொறுப்பில் விடுவது நல்லது. முன்னால் ஒரு வழிகாட்டி, கடைசியில் இன்னொரு வழிகாட்டி அல்லது குழுவில் நிதானமான, பழகிய ஆள். கடைசி ஆள் யாரையும் முந்தக் கூடாது. போட்டோ எடுக்க நிற்பவர், காலணிக் கயிறு கட்டுபவர், ஒதுங்கப் போனவர் யாராக இருந்தாலும், அவர் வரிசைக்குள் வந்த பிறகே கடைசி ஆள் நகர வேண்டும்.

மெதுவாக நடப்பவரைப் பின்னால் விடுவதுதான் பெரும்பாலோர் செய்வது. அதுதான் தவறு. நீண்ட வரிசை ரப்பர் போல இழுபடும். முதல் ஆள் ஒரு கட்டையைத் தாண்ட வேகம் குறைத்தால் பின்னால் எல்லோரும் நிற்கிறார்கள். அவர் தாண்டி வழக்கமான நடையில் போகும்போது பின்னால் உள்ளவர் இடைவெளியை அடைக்க ஓட வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே களைத்தவர்தான் அதிகம் ஓடுகிறார். அவர் வந்து சேரும்போது முன்னால் போனவர்கள் ஐந்து நிமிடம் உட்கார்ந்து முடித்து எழுந்திருப்பார்கள். அவருக்கு ஓய்வே இல்லை. இரண்டு மணி நேரம் இப்படிப் போனால் கால் தானாகத் தடுக்கும்.

மெதுவாக நடப்பவரை வழிகாட்டிக்கு அடுத்து, இரண்டாவதாக விடுங்கள். முழுக் குழுவும் அவர் நடைக்கு வந்துவிடும். வேகமானவர்களுக்கு எரிச்சல் வரும். கிளம்பும் முன்பே அவர்களிடம் சொல்லிவிட்டால் ஏற்றுக்கொள்வார்கள். ஓடை, வழுக்குப் பாறை, விழுந்த மரம் எதைத் தாண்டினாலும் முதல் ஆள் இருபது முப்பது அடி தள்ளி நின்று, கடைசி ஆள் "சரி" என்று கையைக் காட்டிய பிறகே நகர வேண்டும். ஓய்வு நேரம் கடைசி ஆள் வந்து உட்கார்ந்ததிலிருந்துதான் தொடங்கும்.

கிளம்பும்போதே ஒவ்வொருவருக்கும் ஓர் எண். நிற்கும் ஒவ்வொரு முறையும் ஒன்று, இரண்டு என்று மெல்லிய குரலில் அவரவரே சொல்ல வேண்டும். தலையை எண்ணுவதைவிட இது மேல். தலை எண்ணும்போது இருவர் இடம் மாறினால் கணக்குத் தப்பும். பாதை பிரியும் இடத்தில் பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை யாரும் திரும்பக் கூடாது. இந்த ஒரு பழக்கம் இருந்தாலே ஆள் தவறுவது அநேகமாக நின்றுவிடும். அப்படியும் தவறிவிட்டால், தவறியவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். தேடி நடக்கும் ஒவ்வோர் அடியும் தேடுபவர்களின் வேலையைக் கூட்டும். விசில் ஆளுக்கு ஒன்று இருக்கட்டும். மூன்று முறை ஊதினால் உதவி வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்கு ஊதக் கூடாது, யானைக் காட்டில் குறிப்பாக.

சிறுநீர் கழிக்க ஒதுங்குவது சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் ஆள் தவறுவது பெரும்பாலும் அங்கேதான். கடைசி ஆளிடம் சொல்லி, பையைப் பாதை ஓரத்தில் வைத்துவிட்டு, துணைக்கு ஒருவரோடு போக வேண்டும். பை அங்கே இருக்கும்வரை கடைசி ஆள் நகர மாட்டார். பெண்கள் வெட்கப்பட்டுக்கொண்டு காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவதைப் பல குழுக்களில் பார்க்கலாம். மதியம் தலைவலியும் மயக்கமும் அதனால்தான் வருகின்றன. எங்கே, எப்போது நிற்போம் என்று குழுவை நடத்துபவரே முதலில் சொல்லிவிட வேண்டும். ஓடையிலிருந்து அறுபது மீட்டராவது தள்ளி, மலம் கழித்தால் ஒரு சாண் குழி தோண்டி மூட வேண்டும். நாப்கினைக் காகிதத்தில் சுற்றி, மூடிய பையில் திரும்ப எடுத்து வர வேண்டும்.

கிளம்பும் முன் ஐந்து நிமிடம்

இதய நோய், ஆஸ்துமா, சர்க்கரை, வலிப்பு, கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை: இவற்றை எல்லோர் முன்பும் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். தனித்தனியாகக் கேட்க வேண்டும். இன்ஹேலர் உரியவரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும். முதுகுப்பையின் அடியில் இருந்தால் இல்லாததற்குச் சமம். சர்க்கரை உள்ளவர் கையில் குளுக்கோஸோ மிட்டாயோ இருக்கட்டும்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை உண்டு, ஸ்டீல் பாட்டில் கொண்டு வாருங்கள். குளிரில் தாகம் தெரியாது. அதனால் அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி எல்லோரையும் குடிக்கச் சொல்ல வேண்டும். சாப்பாட்டுக்குப் புளிசாதம், எலுமிச்சை சாதம், சப்பாத்தி. நடுவில் கடலைமிட்டாய், பேரீச்சை. வாழைப்பழத் தோலையும் ஆரஞ்சுத் தோலையும் காட்டில் போடக் கூடாது. மக்கும் பொருள்தானே என்பார்கள். குரங்கு அதைத் தின்று பழகினால் அடுத்த குழுவின் பையைப் பிடுங்கும்.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், காயாது, குளிரை உடம்போடு ஒட்ட வைக்கும். 2,000 மீட்டரில் மழையில் நனைந்து காற்றில் நின்றால் பத்துப் பன்னிரண்டு டிகிரியிலேயே உடல் சூடு ஆபத்தாக இறங்கும். முதலில் நடுக்கம், பிறகு பேச்சுக் குழறல், பிறகு கால் தடுமாற்றம். "களைப்பாக இருக்கிறது, கொஞ்சம் உட்காரட்டும்" என்று விட்டால் மோசமாகும். ஈரத்தைக் கழற்றி, உலர்ந்த துணி போட்டு, தலையை மூடி, இனிப்பான சூடான எதையாவது குடிக்கக் கொடுக்க வேண்டும். பிராந்தி கொடுக்கவே கூடாது. தோலுக்கு ரத்தம் பாய்ந்து உள்சூடு இன்னும் இறங்கும். ஒரு மாற்றுச் சட்டையைப் பாலிதீன் உறையில் கட்டிப் பைக்குள் வைத்திருப்பவர்கள் இதில் தப்பிவிடுவார்கள்.

புதுக் காலணியை மலையில் முதன்முதலாகப் போடாதீர்கள். கால்விரல் நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டுங்கள். இறக்கத்தில் விரல் முன்னே போய் இடித்து நகம் கறுத்துப்போவது நீண்ட நகத்தால்தான். வாசனைத் திரவியம் பூசக் கூடாது. மலைத்தேனீயைக் கிளப்ப வாசனை, புகை, சத்தம் மூன்றும் போதும். தேனீ கிளம்பிவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு, ஓடக்கூடியவரை ஓட வேண்டும். கொட்டிய இடத்தில் முள்ளை நகத்தால் சட்டென்று வழித்து எடுங்கள். தாமதித்தால் விஷம் இன்னும் இறங்கும்.

அட்டை, உண்ணி, காஞ்சொறி

மழைக்காலத்தில் அட்டை இல்லாத சோலை இல்லை. தரை அதிர்வு, உடல் சூடு, மூச்சுக்காற்று மூன்றையும் வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும். வரிசையின் முதல் ஆள் அதை எழுப்பிவிட்டுப் போகிறார், பின்னால் வருபவர் மேல் ஏறுகிறது. நெருக்கமாக நெய்த பருத்தி அட்டைக் காலுறையை முழங்கால்வரை ஏற்றி, பேன்ட்டை அதற்குள் செருக வேண்டும். உறையின் வெளிப்புறம் வேப்பெண்ணெயோ உப்போ புகையிலைத் தண்ணீரோ தடவலாம்.

கடித்துவிட்டால் பிடித்து இழுக்கவோ, தீக்குச்சியால் சுடவோ, அதன் மேல் உப்பைக் கொட்டவோ வேண்டாம். அது உள்ளே வாங்கியதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். புண் அதனால்தான் சீழ் பிடிக்கிறது. மெலிந்த முனைதான் வாய். அந்த முனைக்குப் பக்கத்தில் தோலோடு நகத்தை ஒட்டி நகர்த்தினால் வாய் விடும். உடனே தடித்த முனையையும் தள்ளிவிடுங்கள். ரத்தம் உறையாதபடி ஒன்றை அது செலுத்துவதால் சில மணி நேரம்கூடக் கசியும். கழுவி, பஞ்சு வைத்து அழுத்திக் கட்டினால் போதும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் இருந்தால் அன்றைக்கு மழைப்பாதையைத் தவிர்க்கலாம்.

அட்டையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்ணியைக் கவனிப்பதில்லை. ஆபத்து அதில்தான் அதிகம். காட்டுமாடும் கால்நடையும் மேயும் புல்லிலும் புதரோரத்திலும் இருக்கும். வறண்ட மாதங்களில் கூடும். குரங்குகளையும் மனிதரையும் தாக்கும் குரங்குக் காய்ச்சலைப் பரப்புவது உண்ணி. ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சலைப் பரப்புவது அதைவிடச் சிறிய ஒரு பூச்சியின் குஞ்சு. புல்லில் துண்டு விரிக்காமல் உட்காரவோ படுக்கவோ கூடாது. செத்த குரங்கைக் கண்டால் கிட்டப் போகாமல் வனக்காப்பாளரிடம் சொல்லுங்கள்.

காஞ்சொறி என்ற சுணைச் செடி பட்டால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் சுணை உடைந்து உள்ளே போகும். ஒட்டும் பிளாஸ்திரியை அழுத்தி உரித்தால் சுணை அதோடு வந்துவிடும், பிறகு குளிர்ந்த தண்ணீரில் கழுவலாம். சரிவில் கைக்கு எட்டும் கொடியையோ கிளையையோ பார்க்காமல் பிடிப்பது இன்னொரு கெட்ட பழக்கம். குழிவிரியன் பாம்புகள் கிளையிலும் பாசிப் பாறையிலும் அசையாமல் கிடக்கும். நம் மருத்துவமனைகளில் உள்ள நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்குக்கானது, குழிவிரியனுக்கு அல்ல. கடித்தால் கட்டுப்போட்டு இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கையையோ காலையோ அசையாமல் வைத்து, ஆளை நடக்க விடாமல் தூக்கி இறக்க வேண்டும்.

விலங்கும் தீயும்

யானையைப் பார்ப்பதற்கு முன்பே அறிகுறி தெரியும்: சூடான சாணம், புதிதாக ஒடிந்த கிளை, நெடி. வழிகாட்டி கையை உயர்த்தினால் எல்லோரும் நிற்க வேண்டும், பேச்சு நிற்க வேண்டும், போன் எடுக்கக் கூடாது. பின்வாங்கச் சொன்னால் கடைசி ஆள் இப்போது முதல் ஆள். கூட்டத்தைப் பதறாமல் வந்த வழியே நடத்திப் போவது அவர் வேலை. காட்டுமாட்டில் தனித்து நிற்கும் கிடாவுக்கு வழி விட வேண்டும். அதற்கும் அதன் ஓட்ட வழிக்கும் நடுவே குழு இரண்டாகப் பிரிந்து நிற்பதுதான் மிக மோசமான நிலை.

தீ வேறு. சரிவு பத்து டிகிரி கூடினால் மேல்நோக்கி ஓடும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். காய்ந்த புல்வெளியில் மேலே ஓடித் தப்பிக்க முடியாது. பக்கவாட்டில் விலகி, பாறைக்கோ ஏற்கெனவே எரிந்த தரைக்கோ ஈரமான சோலைக்கோ போக வேண்டும். புல்வெளித் தீ பெரும்பாலும் சோலையின் விளிம்பில் அடங்கும். புல்வெளியில் நடக்கத் தொடங்கும்போதே பக்கத்தில் எந்தச் சோலை இருக்கிறது என்று வழிகாட்டியைக் கேட்டு, எல்லோருக்கும் காட்டி வையுங்கள்.

அந்தப் புல்வெளியைக் காடு அழிந்த இடம் என்று பலர் நினைக்கிறார்கள். நீலகிரியின் சதுப்புகளில் எடுத்த பழைய மண்ணைச் சோதித்தபோது இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் அங்கே புல் இருந்தது தெரியவந்தது. புல்லும் சோலையும் சேர்ந்ததுதான் இந்த மலை. சோலை மரத்தின் கன்று உறைபனியையும் தீயையும் தாங்காமல் நிழலில்தான் வளர்கிறது. பாதையின் ஓரத்திலும் அது வளர்கிறது. பாதையில் சேறு இருந்தால் காலணி நனையாமலிருக்க ஓரமாகச் சுற்றிப் போகிறோம். பன்னிரண்டு பேர் சுற்றினால் புதுப் பாதை விழுந்துவிடும். ஒரு பருவத்தில் இரண்டடிப் பாதை ஆறடியாகும். பிறகு மழைத்தண்ணீர் அதிலேயே ஓடி வேரைக் கழுவும். சேற்றின் நடுவே நடங்கள். காலணியை மாலையில் கழுவிக்கொள்ளலாம்.

இறக்கத்தில் இன்னும் கவனம் வேண்டும். முழங்கால் களைத்திருக்கும், பேச்சு கூடியிருக்கும், வண்டி கண்ணில் படும். கணுக்கால் சுளுக்குவது அப்போதுதான். வரிசை அங்கேயும் அப்படியே இருக்கட்டும். மருந்துப் பை கடைசி ஆளிடம் இருக்க வேண்டும்: பத்து சென்டிமீட்டர் கிரேப் பேண்டேஜ் இரண்டு, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு, பாராசிட்டமால், செட்ரிசின், போவிடோன் அயோடின், கத்தரிக்கோல், டார்ச். அடிபட்டவரைத் தாண்டி அவர் முன்னே போயிருக்க மாட்டார், ஆகவே பை எப்போதும் கைக்கு எட்டும்.

வெளியே வந்ததும் எண்ணைச் சொல்லி முடித்து, வனத்துறைப் பதிவேட்டில் திரும்பிய நேரத்தை எழுதுங்கள். எழுதாமல் போனால் இரவில் ஆள் தேடிக் கிளம்புவார்கள். அன்றிரவே குளித்து, முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு வார் படும் இடம், காதுக்குப் பின்னால் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தாலோ, உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு தெரிந்தாலோ, மருத்துவர் கேட்காவிட்டாலும் காட்டுக்குப் போன தேதியை நீங்களே சொல்லுங்கள். ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்ஸிசைக்ளின் நன்றாகக் கேட்கும். சாதாரணக் காய்ச்சல் என்று ஒரு வாரம் விட்டால்தான் சிக்கலாகிறது. குழுவில் ஒருவருக்கு அப்படி வந்தால் மற்ற எல்லோருக்கும் அன்றே செய்தி அனுப்புங்கள்.